மனை எல்லைக்கு அருகே வெளிப்படிக்கட்டு: அமெரிக்கக் கட்டட விதியை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பக்கவாட்டில் காலியிடம் 12 அடி. அதில் இறங்கும் படிக்கட்டின் அகலம் 4 அடி. மீதி 8 அடி. இந்த எட்டு அடியால், நாங்கள் வரைந்து அனுப்பிய மூன்று மாடி அடுக்குமாடிக் குடியிருப்பின் பிளான் முழுவதும் திரும்பி வந்தது. சுவரிலிருந்து எல்லைக்கு அளந்து 12 அடி இருக்கிறதே என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். விதி கேட்டதோ படிக்கட்டின் வெளி விளிம்பிலிருந்து 10 அடி.

சென்னையிலும் கோவையிலும் அமெரிக்கக் கட்டடங்களுக்கு டிராயிங் செய்து கொடுக்கும் அலுவலகங்கள் நிறைய. அங்கே உட்கார்ந்திருக்கும் பலரும், வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் இருக்கும் படியேறி மாடிப் போர்ஷனுக்குப் போய் வளர்ந்தவர்கள். மதில் சுவரை உரசிக்கொண்டு போகும் படிக்கட்டு நம் கண்ணுக்கு உறுத்துவதில்லை. அதனால்தான் இந்த விதியில் நமக்கு அடிக்கடி தடுக்குகிறது என்று நினைக்கிறேன். ஐ.பி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமெரிக்க மாதிரிக் கட்டட விதித்தொகுப்பில், வெளிப்படிக்கட்டு பற்றிய பிரிவு 1027-ஐ எப்படிப் படிப்பது, படித்ததை எப்படி வரைபடத்தில் கொண்டுவருவது என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

விதிக்குள் போகும் முன்: தீ எந்தப் பக்கமிருந்து வருகிறது?

இந்தப் பிரிவில் எந்த வரியைப் படித்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். வெளிப்படிக்கட்டுக்குக் கதவும் சுவரும் போட்ட கூண்டு கிடையாது. அதற்குப் பாதுகாப்பு காற்றும் தூரமும் மட்டும்தான். இறங்கி வருபவரை மூன்று இடங்களிலிருந்து தீ தாக்கலாம்: அவர் விட்டு வந்த கட்டடத்திலிருந்து, அதே கட்டடத்தின் வேறொரு பகுதியிலிருந்து அல்லது அதே மனையிலுள்ள இன்னொரு கட்டடத்திலிருந்து, எல்லைக்கு அப்பால் பக்கத்து மனையிலிருந்து. பிரிவு 1027-இன் பெரும்பகுதி இந்த மூன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லும் பதில்தான்.

1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஷர்ட்வெய்ஸ்ட் தொழிற்சாலை எரிந்தபோது 146 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கும் வெளியே ஓர் இரும்புப் படி இருந்தது. வெப்பமும் கூட்டத்தின் எடையும் சேர்ந்து அது வளைந்து, மக்களோடு சரிந்து விழுந்தது. வெளியே படி இருக்கிறது என்பதும் அதில் உயிரோடு இறங்க முடியும் என்பதும் வேறு வேறு.

முதல் படி: எந்த ஊர், எந்தப் பதிப்பு

ஐ.பி.சி. ஒரு மாதிரி விதி. மாநிலமோ நகரமோ அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது சட்டம். மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும். ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு பதிப்பில் நிற்கும். கலிஃபோர்னியா தன் திருத்தங்களைச் சேர்த்து வெளியிடுகிறது; நியூயார்க் நகரத்துக்கென்று தனி விதித்தொகுப்பே உண்டு. நீங்கள் தேடும் பிரிவு 2009, 2012 பதிப்புகளில் 1026 என்றும், 2015 முதல் 1027 என்றும் இருக்கும். பழைய புராஜெக்ட்டிலிருந்து குறிப்பை வெட்டி ஒட்டினால் பிரிவு எண் தவறிவிடும், பரிசோதிப்பவர் முதலில் அதைத்தான் வட்டமிடுவார். ஆகவே கவர் ஷீட்டில் எழுதியிருக்கும் பதிப்பைப் பார்த்துவிட்டு, அந்த ஊரின் திருத்தங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இரண்டாம் படி: இது வெளியேறும் படிக்கட்டுதானா?

வெளியே இருக்கும் எல்லாப் படிகளும் பிரிவு 1027-க்குள் வராது. அவசர வெளியேற்றத்துக்குக் கணக்கில் எடுக்கப்படும் படி, அதாவது தேவையான வழிகளின் எண்ணிக்கைக்கோ, உள்ளிருப்பவர் வெளியேறும் வழியை அடைய எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்ற நடைதூரக் கணக்குக்கோ உதவும் படிதான் வரும். அது முற்றத்துக்கோ பக்கவாட்டு வெளிக்கோ பொதுவழிக்கோ திறந்திருக்கவும் வேண்டும். இரண்டு வழிகள் தேவைப்படும் மாடியில் உள்ளே இரண்டு முறையான படிக்கட்டுகள் ஏற்கெனவே இருந்து, தோட்டத்துக்கு இறங்க மூன்றாவதாக ஒன்றைப் போட்டால், அந்த மூன்றாவது இந்தக் கணக்கில் சேராது. அப்படியானால் அதை வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் பரிசோதிப்பவர் அதையும் வெளியேறும் வழியாகவே எடுத்துக்கொள்வார்.

மருத்துவமனை வகையான ஐ-2 கட்டடத்தில் வெளிப்படிக்கட்டைத் தேவையான வழியாகக் காட்டவே முடியாது. படுக்கையோடு நகர்த்த வேண்டிய நோயாளியை மழையிலும் பனியிலும் எப்படி இறக்குவது? மற்ற வகைகளில், தரைக்கு மேல் ஆறு மாடிக்கு மிகாத கட்டடத்துக்கோ உயர்மாடி வகையில் சேராத கட்டடத்துக்கோ அனுமதி உண்டு.

இன்னொரு நுணுக்கம். விதியில் ‘எக்ஸிட்’ என்பதும் ‘எக்ஸிட் ஆக்சஸ்’ என்பதும் வேறு. படிக்கட்டை எக்ஸிட் என்று காட்டினால், அதன் மேல்முனையை அடைந்ததுமே நடைதூரக் கணக்கு முடிந்துவிடும். எக்ஸிட் ஆக்சஸ் என்றால் படிகள் வழியாகத் தரை வரை தூரம் ஓடிக்கொண்டே இருக்கும். 10 அடி கிடைக்காத இடத்தில், ‘இது எக்ஸிட் அல்ல, வெறும் ஆக்சஸ்தான்’ என்று பெயரை மாற்றி விதியிலிருந்து நழுவப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. பெயரை மாற்றினாலும் பக்கத்து மனையில் எரியும் தீயின் வெப்பம் குறையப்போவதில்லை. பல அதிகாரிகளும் இதை எளிதில் ஏற்பதில்லை. உண்மையிலேயே நடைதூரம் பொருந்தி, கட்டட அமைப்பும் அப்படித்தான் இருக்கிறது என்றால் மட்டும் இந்த வாதத்தை எடுங்கள்.

மூன்றாம் படி: அளவை எங்கிருந்து எடுப்பது

எங்கள் பிளான் திரும்பி வந்தது இந்த இடத்தில்தான். பிரிவு 1027.5 கேட்பது குறைந்தது 10 அடி ‘தீப் பிரிப்புத் தூரம்’, அதாவது தீ தாவாமலிருக்க இடையே விடும் இடைவெளி. அதை, லேண்டிங்கையும் சேர்த்து, படிக்கட்டின் வெளி விளிம்பிலிருந்து செங்கோணத்தில் அளக்க வேண்டும். சுவருக்கான கணக்கில் சுவரின் முகத்திலிருந்து அளப்போம். படிக்கட்டுக்கு அந்தப் பழக்கத்தை அப்படியே ஒதுக்கி வையுங்கள்.

விளிம்பு எது? இரும்புப் படியாக இருந்தால் படிகளைத் தாங்கும் பக்கவாட்டுச் சட்டம், தடுப்புக் கம்பி, இவற்றில் எது மிக வெளியே நிற்கிறதோ அதிலிருந்து நான் அளக்கிறேன். தேவையான அகலம் 44 அங்குலம் என்றால் வெளி அளவு 48 அங்குலத்தைத் தொட்டுவிடும். 50 பேருக்குக் குறைவாகப் பயன்படுத்தும் படிக்கு 36 அங்குல அகலம் போதும் என்பது நெருக்கடியான மனையில் 8 அங்குலத்தை மீட்டுத் தரும்; ஆட்களின் எண்ணிக்கையை முதலில் போட்டுப் பாருங்கள். பாதியில் திரும்பும் லேண்டிங் படிகளைவிட வெளியே துருத்திக்கொண்டிருந்தால் அந்தத் துருத்தல்தான் விளிம்பு. மனை எல்லை சாய்வாகப் போனால் படியின் இரண்டு முனையிலும் அளந்து, குறைந்ததை எடுங்கள்.

மெட்ரிக்கில் வரைபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 10 அடி என்பது 3,048 மில்லிமீட்டர். ‘மூன்று மீட்டர்’ என்று முழு எண்ணாக்கினால் கிட்டத்தட்ட 2 அங்குலம் குறைந்துவிடும். குறைந்தபட்சத் தூரத்தில் முழுதாக்குவதற்கு இடமே இல்லை. என் வழக்கம் 10 அடி 3 அங்குலம் வைத்து வரைவது. கட்டும்போது ஃபூட்டிங் கொஞ்சம் நகரும், இரும்புச் சட்டம் கொஞ்சம் தடிக்கும்.

நான்காம் படி: மூன்று இலக்குகள், ஒரு ‘இல்லையென்றால்’

இந்த 10 அடியை விதி மூன்று இடங்களை நோக்கி அளக்கச் சொல்கிறது: பக்கத்து மனை எல்லை, இதே கட்டடத்தின் மற்றப் பகுதிகள், இதே மனையிலுள்ள மற்றக் கட்டடங்கள். மூன்றாவதன் பின்னால் ஒரு விலக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது: எதிரே உள்ள கட்டடத்தின் வெளிச்சுவரும் திறப்புகளும் பிரிவு 705-இன்படி தூரத்துக்கேற்பத் தீப்பாதுகாப்பு பெற்றிருந்தால் 10 அடிக்குக் குறையலாம். அடுத்த வரியில், கட்டடத்தின் மற்றப் பகுதிகளையும் தனிக் கட்டடமாகவே கருது என்கிறது. ஆக, இந்த விலக்கு இரண்டாவது இலக்குக்கும் சேரும். எல் வடிவக் கட்டடத்தின் உள்மூலையில் படி இறங்கினால், எதிர்ச் சிறகின் சுவருக்குத் தீத்தாங்கு மதிப்பீடு (எத்தனை மணி நேரம் தீயைத் தாங்கும் என்ற அளவு) கொடுத்து, அங்குள்ள ஜன்னல்களைக் கட்டுப்படுத்தி, வேலையை முடித்துக்கொள்ளலாம்.

மனை எல்லைக்கு அந்த விலக்கு கிடையாது. இந்தப் பிரிவில் அதிகம் தவறாகப் படிக்கப்படும் இடம் இதுதான். ‘பக்கத்து வீட்டுக்காரரின் சுவர் ஜன்னலே இல்லாத கான்கிரீட் சுவர், அப்புறம் என்ன பயம்?’ என்று கேட்பார்கள். அந்தச் சுவர் உங்களுடையது அல்ல. நாளை அவர் இடித்துவிட்டு, அந்த இடத்தில் மரச் சட்டக் கட்டடம் எழுப்பலாம். அதைத் தடுக்கும் உரிமை உங்களுக்கும் இல்லை, உங்கள் மனைக்கு அனுமதி கொடுத்த அதிகாரிக்கும் இல்லை. உங்கள் கைக்குள் இருக்கும் சுவரை வைத்துப் பேரம் பேச விதி விடுகிறது, கைக்கு அப்பால் இருப்பதை வைத்து விடுவதில்லை.

இதே காரணத்தால் எல்லைப் பக்கம் ஒரு தீத்தாங்கும் சுவரை நாமே கட்டிப் படியை மறைத்துவிடலாம் என்பதும் அப்படியே எடுபடாது. படிக்கு ஒரு பக்கமாவது திறந்திருக்க வேண்டும். சந்துப் பக்கம் மூடினால் திறந்த பக்கம் எங்கே?

ஒரு தளர்வு உண்டு. அண்மைப் பதிப்புகளில், ஓரிரு குடியிருப்பு மட்டுமுள்ள வீடுகள் போன்ற ஆர்-3 வகையில் தனித்தனிக் குடியிருப்புக்கு மட்டும் பயன்படும் படிக்கு 5 அடி போதும். அடுக்குமாடியான ஆர்-2 இதில் சேராது.

இன்னொரு குழப்பம்: கூரை நீட்டல், பால்கனி போன்றவை எல்லையை எவ்வளவு நெருங்கலாம் என்று 705.2-இல் ஓர் அட்டவணை இருக்கிறது. அதை எடுத்து வெளிப்படிக்கட்டுக்குப் பொருத்தக் கூடாது. வெளியேறும் பால்கனிக்கு 1021, வெளிப்படிக்கட்டுக்கு 1027 என்று அந்தப் பிரிவே கைகாட்டிவிடுகிறது.

ஐந்தாம் படி: எல்லைக்கு அப்பால் தெரு என்றால்

தீப் பிரிப்புத் தூரம் என்ற சொல்லின் வரையறையைப் புரட்டிப் பாருங்கள். தெரு, சந்து, பொதுவழி இருந்தால் அதன் மையக்கோடு வரை அளக்கலாம் என்கிறது. காரணம் வெளிப்படை: தெருவின் நடுவில் யாரும் வீடு கட்டப்போவதில்லை. ஆனால் 1027.5-இல் ‘பக்கத்து மனை எல்லைகள்’ என்று வெறுமனே எழுதியிருப்பதால், தெருப்பக்க எல்லையும் அதில் அடங்குமா என்று சிலர் தயங்குகிறார்கள். வரையறை வழியாகப் படித்தால் மையக்கோடு வரை எடுப்பதுதான் பொருந்தும் என்பது என் கருத்து. எதிரே 20 அடிச் சந்து இருந்தால் 10 அடி அங்கேயே கிடைத்துவிடும். இருந்தாலும் அதிகாரியிடம் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தனியார் பாதை, பொதுவான கார் நிறுத்தம் போன்றவை பொதுவழி ஆகிவிடாது என்பதையும் கவனியுங்கள்.

ஆறாம் படி: முதுகுப்புறத்துச் சுவர்

எல்லையைப் பார்த்துக்கொண்டே இருந்து, படி ஒட்டியிருக்கும் நம் சுவரை மறந்துவிடுவோம். பிரிவு 1027.6-இன்படி, உள்படிக்கட்டுக்குக் கூண்டுச் சுவர் எப்படியோ அதே மதிப்பீட்டில் வெளிப்படிக்கட்டும் கட்டடத்தின் உட்புறத்திலிருந்து பிரிக்கப்பட வேண்டும். நான்கு மாடிக்குக் குறைவாக இணைத்தால் 1 மணி நேரம், நான்கும் அதற்கு மேலும் என்றால் 2 மணி நேரம். ஆட்கள் வழக்கமாகப் புழங்கும் இடத்திலிருந்து வெளியேறத் தேவையான கதவைத் தவிர வேறு திறப்பு கூடாது. சமையலறை ஜன்னல் லேண்டிங்கைப் பார்த்துத் திறப்பதாக வரைந்த பிளான்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அடுப்பிலிருந்து கிளம்பும் தீ நேராக அந்த ஜன்னல் வழியாகப் படிக்குத்தான் வரும்.

பக்கத்தில் கோணமாக நிற்கும் நம் சுவர் 10 அடிக்குள் இருந்தால் அதற்கு 1 மணி நேரமும், அதிலுள்ள திறப்புக்கு முக்கால் மணி நேரமும் தேவைப்படும். இது தரையிலிருந்து, மேல் லேண்டிங்குக்கு 10 அடி மேலோ கூரை மட்டமோ, எது தாழ்வோ அதுவரை.

விலக்குகளில் முக்கியமானது, இரண்டு மாடிக்கு மிகாத கட்டடங்களுக்கு இந்தப் பிரிப்பு தேவையில்லை என்பது. வெளியேறி இறங்கும் மட்டம், தரைமட்டத்துக்கு மேலுள்ள முதல் தளமாக (நம் பேச்சில் தரைத்தளம்) இருக்க வேண்டும். ஆனால் விடுதியான ஆர்-1, அடுக்குமாடியான ஆர்-2 இரண்டுக்கும் இந்தச் சலுகை இல்லை, அங்கே மக்கள் தூங்குகிறார்கள்.

ஏழாம் படி: திறந்த பக்கத்தின் கணக்கு

எங்கள் பிளானுக்கே திரும்புவோம். 8 அடியை 10 ஆக்க, படிக்கட்டை 2 அடி கட்டடத்துக்குள் தள்ளினோம். மூன்று பக்கமும் கட்டடச் சுவர், நான்காவது பக்கம் பக்கவாட்டுச் சந்து நோக்கித் திறப்பு. எல்லைப் பிரச்சினை தீர்ந்தது, அடுத்தது கிளம்பியது. ஒவ்வொரு மாடி மட்டத்தை ஒட்டியும் ஒவ்வோர் இடை லேண்டிங்கை ஒட்டியும், அங்கங்கே உள்ள திறப்புகளைக் கூட்டினால், தனித்தனியாகக் குறைந்தது 35 சதுர அடி திறந்திருக்க வேண்டும். அந்தத் திறப்பையும் தரையிலிருந்து 42 அங்குலத்துக்கு மேலேதான் எண்ண வேண்டும். புகை மேலே தேங்கும், அது வெளியே போகத்தான் இந்தத் திறப்பு.

மாடிக்கு மாடி 10 அடி. மேலே பீமுக்கு 1 அடி கழித்தால் 9. கீழே 42 அங்குலம், அதாவது 3.5 அடி கழித்தால் 5.5 அடி. திறப்பின் நீளம் 8 அடி என்றால் 44 சதுர அடி, தாராளம். 6 அடி என்றால் 33, போதாது. அழகுக்காக அங்கே மரப் பட்டிகளோ துளைத் தகடோ கேட்பார் ஆர்க்கிடெக்ட். தாங்குதூண், பீம், கைப்பிடி, தடுப்பு தவிர வேறெதுவும் அந்தப் பக்கத்தை அடைக்கக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: இறங்கிய பிறகு

படி தரையைத் தொட்டதும் வேலை முடியவில்லை. இறங்கியவர் பொதுவழிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த நடை நம் கட்டடத்தையும் எல்லையையும் ஒட்டிய சந்து வழியாகப் போனால் அது ‘வெளியேறும் முற்றம்’. 10 அடிக்குக் குறுகலாக இருந்தால் அதை ஒட்டிய நம் சுவருக்குத் தரையிலிருந்து 10 அடி உயரம் வரை 1 மணி நேர மதிப்பீடும், அங்குள்ள ஜன்னல் கதவுகளுக்கு முக்கால் மணி நேரமும் வேண்டும். ஆர்-3-க்கும், 10 பேருக்குக் குறைவாகப் பயன்படுத்தும் முற்றத்துக்கும் விலக்கு. குப்பைத் தொட்டி, ஏ.சி. யூனிட், பூட்டிய கேட் ஆகியவை இந்த வழியில்தான் வந்து உட்காரும். சைட் பிளானில் வழியைக் கோடிட்டுக் காட்டிவிட்டால் பின்னால் வரும் மெக்கானிக்கல்காரர் அங்கே எதையும் வைக்கமாட்டார்.

ஒன்பதாம் படி: 10 அடி கிடைக்கவே கிடைக்காது என்றால்

முதலில் படியை முன்பக்கமோ பின்பக்கமோ திருப்ப முடியுமா பாருங்கள். பெரும்பாலான குறுகிய மனைகளில் இதுவே தீர்வு.

அடுத்தது, வெளிப்படிக்கட்டு என்ற ஆசையை விட்டுவிட்டு அதை முறையான உள்படிக்கட்டாக மூடிவிடுவது. அப்போது பிரிவு 1023 வரும், 10 அடி விதி போய்விடும். எல்லையைப் பார்த்த சுவருக்கு 705.5 அட்டவணைப்படி மதிப்பீடு கொடுக்க வேண்டும். 2018 வரையிலான பதிப்புகளில் இதே அட்டவணைக்கு எண் 602. எல்லையிலிருந்து 3 அடிக்குள் திறப்பே கூடாது என்பது 705.8. செலவு கூடும், ஆனால் பனி பொழியும் ஊரில் மூடிய படிதான் நல்லது என்பேன்.

பக்கத்து மனையும் அதே உரிமையாளருடையது என்றால் இரண்டையும் இணைப்பதோ எல்லையை நகர்த்திப் பதிவுசெய்வதோ நேரான வழி. வேறொருவருடையது என்றால், இந்த அகலத்துக்குள் எதுவும் கட்டமாட்டேன் என்று அவர் பத்திரத்தில் பதிந்து தரும் உரிமையைச் சில ஊர்களில் ஏற்கிறார்கள். இது விதியில் எழுதப்பட்ட விலக்கு அல்ல. மாற்று வழிகளை ஏற்கும் பிரிவின் கீழ் (2021 வரையிலான பதிப்புகளில் 104.11) அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும், பத்திரம் மனையோடு நிரந்தரமாக ஒட்டியிருக்க வேண்டும். ‘அண்டை வீட்டுக்காரர் நல்லவர், கடிதம் தந்திருக்கிறார்’ என்பது போதாது. அவர் விற்றுவிட்டுப் போனால் கடிதமும் போயிற்று.

ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு) போட்டால் 10 அடி குறையுமா என்ற கேள்வி தவறாமல் வரும். குறையாது. ஸ்பிரிங்க்ளர் நம் கட்டடத்துத் தீயை அடக்கும். பக்கத்து மனைத் தீக்கு அதனால் என்ன செய்ய முடியும்?

பத்தாம் படி: அதிகாரியிடம் போவது, சைட்டில் அளப்பது

விதிக்கு விளக்கம் சொல்லும் அதிகாரம் கட்டட அதிகாரிக்கு உண்டு (2021 வரையிலான பதிப்புகளில் பிரிவு 104.1). சந்தேகமுள்ள இடத்தைக் கொண்டு போகும்போது ‘இது சரியா?’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ஒரே தாளில் மனை எல்லை, படியின் விளிம்பு, அளவு, பிரிவு எண், உங்கள் வாசிப்பு, அதற்கான காரணம் எல்லாவற்றையும் வைத்துக் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி, தேதியோடு கோட் ஷீட்டில் குறிப்பிடுங்கள். பரிசோதிப்பவர் மாறினாலும் பதில் மாறாமல் இருக்க இது உதவும். தீர்ப்பு ஒப்பவில்லை என்றால் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. ஆனால் அந்தக் குழுவால் விதியைத் தள்ளுபடி செய்ய முடியாது, விதி சரியாகப் படிக்கப்பட்டதா, சமமான மாற்று வழி உண்டா என்றுதான் பார்க்கும்.

மரப் படியாக இருந்தால் நீர் தேங்காத விவரத்தை இப்போதே வரையுங்கள். 2015 ஜூனில் பெர்க்லியில் மரம் உளுத்துப்போன ஒரு பால்கனி விழுந்து 6 இளைஞர்கள் இறந்தார்கள். அதன் பிறகு, 2018-இல் கலிஃபோர்னியா கொண்டுவந்த சட்டம் அடுக்குமாடிகளில் மரத்தால் தாங்கப்படும் வெளிப்பால்கனிகளையும் படிகளையும் ஆறாண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது.

கடைசியாக சைட். வேலியை எல்லை என்று நம்பி அளக்க விடாதீர்கள், வேலி எல்லையிலிருந்து ஓர் அடி தள்ளி நிற்பது சாதாரணம். சர்வேயர் அடித்த இரண்டு பின்களுக்கு இடையே நூல் கட்டச் சொல்லுங்கள். படியின் ஃபூட்டிங் குழி தோண்டும் முன், அந்த நூலிலிருந்து படியின் வெளி விளிம்பு வரப்போகும் இடம் வரை டேப் பிடித்து, எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கான்கிரீட் ஊற்றுவது அந்தப் படம் வந்த பிறகு.